காரைக்குடி வட்டாரக் குடைவரைகள்: ஒரு வழிகாட்டிப் பயணம்

சிவகங்கை மாவட்டம் காரைக்குடியைச் சுற்றியும், அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்திலும் உள்ள சிறு குன்றுகளில், ஏறத்தாழ 1,200 முதல் 1,500 ஆண்டுகளுக்கு முன் பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்ட கோயில்கள் பல உள்ளன. இவை குடைவரைகள் அல்லது குடைவரைக் கோயில்கள் எனப்படுகின்றன. செட்டிநாடு என்றதும் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. அவற்றுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கலைச்சின்னங்கள் அதே மண்ணில், சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கின்றன. காரைக்குடியிலிருந்து இரண்டு நாள்களில் பார்த்துவரக்கூடிய ஐந்து இடங்களையும், அங்கே எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குடைவரை என்றால் என்ன?

கோயில்கள் பொதுவாக மூன்று வகைப்படும். கல்லையும் செங்கல்லையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது கட்டுமானக் கோயில். தஞ்சைப் பெரிய கோயில் இவ்வகை. ஒரு தனிப்பாறையை வெளிப்புறமாகச் செதுக்கிக் கோயில் வடிவம் கொடுப்பது ஒற்றைக்கல் கோயில். மாமல்லபுரத்து ஐந்து இரதங்கள் இவ்வகை. மலையின் உடலுக்குள் குடைந்துசென்று அறைகளையும் தூண்களையும் உருவாக்குவது குடைவரை. இதில் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. வேண்டாத பகுதி நீக்கப்படுகிறது. தூண் என்பது கொண்டுவந்து நிறுத்தியதன்று. சுற்றியிருந்த பாறை போனபின் எஞ்சி நின்றது. ஆகவே குடைவரையில் ஒரு தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லை. உடைந்த மூக்கை மீண்டும் ஒட்ட முடியாது.

தமிழகத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமல் அக்கோயிலை அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டில் அவன் குறிப்பிடுகிறான். அதுவரை கோயில்கள் எந்தப் பொருள்களால் கட்டப்பட்டன என்பதும் அந்த ஒரே கல்வெட்டால் தெரியவருகிறது. வடக்கே பல்லவரும், தெற்கே பாண்டியரும், இடைப்பட்ட புதுக்கோட்டைப் பகுதியில் முத்தரையரும் குடைவரைகளை எடுத்தனர். இந்த மூன்று அரசுகளின் எல்லைகளும் அடிக்கடி மாறிய இடம் என்பதால்தான், காரைக்குடியை மையமாகக் கொண்டு புறப்படுபவர் பல்வேறு பாணிகளைக் குறைந்த தொலைவில் காண முடிகிறது.

எகிப்துக் கல்லும் நம் கல்லும்

பாறையைக் குடையும் கலை உலகில் பல இடங்களில் இருந்தது. எகிப்தில் நைல் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள மன்னர் பள்ளத்தாக்கில் 60க்கும் மேற்பட்ட கல்லறைகள் மலைக்குள் குடையப்பட்டுள்ளன. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமன் கல்லறை அவற்றுள் ஒன்று. தெற்கு எகிப்தின் அபு சிம்பலில் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராமசேசு மன்னன் ஒரு மலையையே கோயிலாகக் குடைந்தான்.

ஆனால் கல் வேறு. மன்னர் பள்ளத்தாக்கின் மலை சுண்ணாம்புக்கல். அபு சிம்பல் மணற்கல். இரண்டும் ஒப்பீட்டளவில் மென்மையானவை. அதனால்தான் எகிப்தியக் கல்லறைகள் மலைக்குள் நெடுந்தொலைவு செல்கின்றன. சுவர் முழுதும் நுணுக்கமான உருவங்கள் நிரம்பியுள்ளன. காரைக்குடி, புதுக்கோட்டைக் குன்றுகள் கருங்கல் வகையைச் சேர்ந்தவை. உளி ஓர் அடி ஆழம் செல்வதற்கே நீண்ட உழைப்பு வேண்டும். எனவே நம் குடைவரைகள் சிறியவை: ஒரு கருவறை, அதற்கு முன் ஒரு சிறு மண்டபம், முகப்பில் இரண்டு தூண்களும் சுவரோடு ஒட்டிய இரண்டு அரைத்தூண்களும். அளவைப் பார்த்து ஏமாற்றமடைபவர்கள் இந்தக் கல்லின் கடினத்தை நினைத்துப் பார்த்தால், சிறுமை என்று தோன்றியது அருமையாகத் தெரியும்.

எப்படிக் குடைந்தார்கள்?

இதைச் சொல்லும் பழைய நூல் வழிகாட்டி எதுவும் தேவையில்லை. பாதியில் கைவிடப்பட்ட குடைவரைகளே பாடம் நடத்துகின்றன. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத சில மண்டபங்களில் பாறை முகப்பு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். முதலில் பாறையின் சரிவான முகத்தைச் சமப்படுத்தினார்கள். பிறகு கட்டங்களைக் குறித்து, கட்டங்களுக்கு இடையே ஆழமான பள்ளங்களை உளியால் வெட்டினார்கள். நடுவில் எஞ்சிய கட்டியை அடித்துப் பெயர்த்தெடுத்தார்கள். மீண்டும் கட்டம், மீண்டும் பள்ளம் என்று உள்ளே சென்றார்கள். தூணுக்கும் சிற்பத்துக்கும் உரிய கட்டிகளை மட்டும் தொடாமல் விட்டார்கள். சிற்பி உளியை எடுப்பதற்கு முன்பே, எந்தச் சுவரில் எந்த உருவம், அதற்கு எவ்வளவு கல் தேவை என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

முதல் நிறுத்தம்: குன்றக்குடி

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் குன்றக்குடி உள்ளது. மலைமேல் உள்ள சண்முகநாதர் கோயில் புகழ்பெற்றது. மருது சகோதரர்கள் இக்கோயிலில் திருப்பணி செய்தவர்கள். வருபவர்களில் பலர் படியேறி முருகனை வணங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையின் அடிவாரத்தில் சிவனுக்கு எடுக்கப்பட்ட குடைவரைகள் இருப்பதை அவர்கள் அறிவதில்லை.

இக்குடைவரைகள் பாண்டியர் காலத்தவை. இங்கே தூண்களை முதலில் பார்க்க வேண்டும். கீழே ஒரு சதுரம், நடுவே எட்டுப் பட்டைகள் கொண்ட கட்டு, மேலே மீண்டும் ஒரு சதுரம் என்னும் அமைப்பு தமிழகத்தின் தொடக்ககாலக் குடைவரைகள் பலவற்றுக்கும் பொது. தூணின் தலைமேல் கை நீட்டியதுபோல் இருபுறமும் நீண்டு கூரையைத் தாங்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயர். குடைவரையில் போதிகை எதையும் தாங்கவில்லை. மலை தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. ஆயினும் மரத்தால் கட்டிய பழங்கோயில்களின் நினைவைச் சிற்பிகள் கல்லிலும் கைவிடவில்லை. பாறையில் செதுக்கப்பட்ட தூண், போதிகை, உத்திரம் எல்லாம் அழிந்துபோன மரக் கோயில்களின் பிரதிகள் என்று கொள்ளலாம்.

குன்றக்குடிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இம்மலையின் இயற்கைக் குகைத்தளத்தில் தமிழி எனப்படும் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு உள்ளது. ஆதன் சாத்தன் என்ற பெயர் அதில் படிக்கப்பட்டுள்ளது. அவன் அரசனா, வணிகனா, குகையில் தங்கிய துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்தவனா என்று அதில் இல்லை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னர் தேவைப்படும்.

இரண்டாம் நிறுத்தம்: பிள்ளையார்பட்டி

குன்றக்குடிக்கு அருகிலேயே பிள்ளையார்பட்டி உள்ளது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இது ஒன்று. நகரத்தார் செய்த பெருந்திருப்பணிகளால் கற்றூண் மண்டபங்களும் கோபுரமும் திருச்சுற்றும் சூழ்ந்த பெரிய கோயிலாக இது விளங்குகிறது. வரிசையில் நின்று கற்பக விநாயகரை வணங்குபவர், தாம் நிற்கும் இடம் கட்டப்பட்ட மண்டபம் என்பதையும், விநாயகர் இருப்பது மலையின் வயிற்றில் என்பதையும் உணர்வது அரிது. வெள்ளிக் கவசமும் அலங்காரமும் நீங்கிய நிலையில், அவ்வுருவம் ஏறத்தாழ 6 அடி உயரத்தில் பாறைச் சுவரிலேயே புடைப்பாகச் செதுக்கப்பட்டது என்பது புலப்படும். சிலையை எடுத்துவந்து வைக்கவில்லை, மலையே பிள்ளையார்.

பிற்காலப் பிள்ளையார் உருவங்களுக்குப் பெரும்பாலும் நான்கு கைகள் உண்டு. இங்கே இரண்டே கைகள். துதிக்கை வலப்பக்கம் சுழித்திருப்பதால் வலம்புரி விநாயகர் என்பர். இவை உருவத்தின் பழமைக்குச் சான்றாக எடுத்துக் கூறப்படுகின்றன.

அதே குடைவரையில் சிவலிங்கத்துடன் கூடிய கருவறையும், சுவரில் இலிங்கோத்பவர், பாதி சிவனும் பாதி திருமாலுமாகிய சங்கரநாராயணர் ஆகிய சிற்பங்களும் உள்ளன. வரலாற்று மாணவர்களுக்கு இங்கு மிக முக்கியமானது ஒரு தூணில் உள்ள சிறு கல்வெட்டு. அதில் எக்காட்டூர் என்ற ஊரும், பெருந்தச்சன் என்று பொருள் தரும் பெயரும் காணப்படுகின்றன. எக்காட்டூர் இவ்வூரின் பழம்பெயர்களுள் ஒன்று. எழுத்தமைதியைக் கொண்டு சிலர் இதை 5ஆம் நூற்றாண்டு என்றும், வேறு சிலர் 6 அல்லது 7ஆம் நூற்றாண்டு என்றும் கணிக்கின்றனர். முந்தைய கணிப்பு சரியென்றால், மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக்கும் முன்பே பாண்டிய நாட்டில் குடைவரைக் கலை தோன்றிவிட்டது என்றாகும். ஒரு சிறிய எழுத்து வரி தமிழகக் கலை வரலாற்றின் தொடக்கத்தையே முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தக்கூடியதாக இருக்கிறது.

நம் கோயில்களில் கட்டுவித்த அரசரின் பெயர் பல இடங்களில் உண்டு. கட்டியவரின் பெயர் அரிது. பெருந்தச்சன் என்பது பட்டமானாலும், ஒரு தச்சர் தலைவனின் அடையாளம் பாறையில் நிலைத்திருப்பது பெருமதிப்புக்குரியது.

மூன்றாம் நிறுத்தம்: திருமயம்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் வழியில் திருமயம் உள்ளது. திருமெய்யம் என்பதே பழம்பெயர். தொலைவிலிருந்தே தெரியும் கோட்டையை இராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687இல் கட்டுவித்தார். மக்கள் வழக்கில் இது ஊமையன் கோட்டை என்றும் சொல்லப்படுகிறது. குன்றின் உச்சியில் பீரங்கி உள்ளது. பாறைச் சரிவில் ஏறும் வழியில் சிவலிங்கத்துடன் ஒரு சிறு குடைவரையும் உண்டு.

குன்றின் அடிவாரத்தில் இரண்டு பெரிய குடைவரைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்று சத்தியகிரீசுவரர் என்னும் சிவனுக்கு, மற்றது திருமாலுக்கு. திருமால் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. இங்கே பாம்பணையில் கிடக்கும் பெருமாள் உருவம் தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பட்டது. இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. மது, கைடபர் என்னும் அசுரர் தாக்க வரும்போது, உறங்கும் இறைவனை எழுப்பாமல் ஆதிசேடனே நஞ்சுத் தீயை உமிழ்ந்து விரட்டுவதாக அமைந்த காட்சி அது. இறைவனின் அமைதியான உறக்கமும் சுற்றியிருப்போரின் பரபரப்பும் ஒரே சுவரில் காட்டப்பட்டுள்ளன. சிவன் குடைவரையில் கருவறைக்கு எதிர்ச்சுவரில் இலிங்கோத்பவர் உருவம் உள்ளது.

சிவன் குடைவரையின் அருகே இசை தொடர்பான ஒரு பழங்கல்வெட்டின் எச்சம் உள்ளது. யாழ் அல்லது வீணை வகையைக் குறிக்கும் பரிவாதினி என்ற சொல் அதில் காணப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் முழுமையாகக் கிடைத்துள்ள புகழ்பெற்ற இசைக் கல்வெட்டோடு இது உறவுடையது. குடுமியான்மலைக் கல்வெட்டு ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகளைத் தருகிறது. திருமயத்துக் கல்வெட்டின் பெரும்பகுதி பிற்காலத்தில் அழிந்துவிட்டது.

இரு கோயில்களுக்கும் இடையே நிலம், வருவாய், குளத்து நீர் ஆகியவற்றைப் பங்கிடுவதில் நெடுங்காலம் வழக்கு இருந்தது. 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் சமரசம் ஏற்பட்டது. அந்தத் தீர்ப்பும் இங்கே பாறையில் வெட்டப்பட்டுள்ளது. குடைவரை என்பது சிற்பக்கூடம் மட்டுமன்று. ஊரின் பத்திரப் பதிவேடும் அதுவே என்பதற்குத் திருமயம் நல்ல எடுத்துக்காட்டு.

நான்காம் நிறுத்தம்: சித்தன்னவாசல்

இரண்டாம் நாள் புதுக்கோட்டையைக் கடந்து செல்ல வேண்டும். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் சித்தன்னவாசல் உள்ளது. ஒரே குன்றில் இரண்டு காலங்கள் இங்கே சந்திக்கின்றன.

குன்றின் மேற்பகுதியில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. பாறையில் வெட்டிய ஏழு படிக்கட்டு இடங்களைப் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டியிருந்ததால் இப்பெயர் வந்தது என்பர். அங்கே சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் பக்கம் தலையணைபோல் சற்று உயர்த்தி வெட்டப்பட்டுள்ளது. ஒரு படுக்கையருகே உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, இன்ன ஊரில் பிறந்த இன்ன துறவிக்கு இன்ன ஊர் இளையர் செய்த இருக்கை என்று கூறுகிறது. அரசன் பெயர் அதில் இல்லை. ஊராரின் கொடை அது.

கீழே அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை உள்ளது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் (815-862) காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்து முன்மண்டபம் அமைத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. இக்குடைவரையின் பெருமை அதன் ஓவியங்கள். சுண்ணச் சாந்து பூசிய விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மலர்ந்த தாமரை, மொட்டு, இலை, மீன், அன்னம், யானை, எருமை ஆகியவற்றின் நடுவே மலர் பறிக்கும் மனிதர்கள் நிற்கின்றனர். தூண்களில் ஆடல் மகளிர் இருவரும், அரசன் அரசி எனக் கருதப்படும் உருவங்களும் உள்ளன. தமிழகத்தில் இவ்வளவு பழைய சுவரோவியங்கள் எஞ்சியிருக்கும் இடங்கள் மிகச் சிலவே.

கருவறைக்குள் ஓர் அறிவியல் பாடமும் உண்டு. மூன்று தீர்த்தங்கரர், ஆசாரியர் உருவங்களுக்கு முன் மூச்சை மெல்ல ஒலியாக்கி முனகினால், குறிப்பிட்ட ஒரு சுருதியில் அறை முழுதும் அதிர்ந்து ஒலிக்கும். சிறிய, கடினமான சுவர்களையுடைய அறையில், அறையின் அளவுக்குப் பொருந்தும் அலைநீளமுடைய ஒலி பலமடங்கு வலுப்பெறுகிறது. இதை இயற்பியலில் ஒத்ததிர்வு என்பர்.

ஓவியத்தைப் பார்க்கச் செல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். நூல்களில் அச்சான பழைய படியோவியங்களில் தெரியும் அளவுக்கு நேரில் தெரியாது. பல இடங்களில் வண்ணம் போய்ச் சாந்துதான் உள்ளது. தூணின் ஆடல் மகளிர் கோடுகளாக மங்கிவிட்டனர். காலத்தோடு மனிதக் கைகளும் சேர்ந்து செய்த சேதம் இது.

ஐந்தாம் நிறுத்தம்: நார்த்தாமலை

புதுக்கோட்டை - திருச்சி சாலையில் நார்த்தாமலை உள்ளது. மேலமலை என்னும் குன்றின் சரிவில் நடந்து ஏறினால், பாறை வெளியில் தனித்து நிற்கும் விசயாலய சோழீச்சுரமும், அதற்கு எதிரே இரண்டு குடைவரைகளும் தெரியும். ஒன்று பழியிலி ஈச்சுரம். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் சாத்தன் பழியிலி என்னும் முத்தரையர் தலைவன் எடுத்தது. அவன் மகள் பழியிலி சிறிய நங்கை அதற்குக் கொடை அளித்தாள். மற்றது சமணர் குடகு. பெயர் சமணர் தொடர்பைச் சொன்னாலும், இன்று உள்ளே இருப்பவை ஒரே அளவில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு திருமால் உருவங்கள்.

குடைவரையும் கட்டுமானக் கோயிலும் எதிரெதிரே நிற்பதால், ஒரு கலை முடிந்து மற்றொன்று தொடங்கும் கட்டத்தை மாணவர்கள் இங்கே ஒரே பார்வையில் காணலாம். 9ஆம் நூற்றாண்டுக்குப் பின் குடைவது குறைந்து கட்டுவது பெருகியது. குன்றுள்ள ஊரில்தான் குடைவரை அமையும். கட்டுமானக் கோயிலோ ஆற்றங்கரை ஊர்களிலும் எழக்கூடியது, விரிவாக்கவும் தக்கது.

விசயாலய சோழீச்சுரம் என்று இன்று வழங்கினாலும், சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் இக்கோயிலை எடுத்ததாகவும், மழையால் சேதமுற்றபோது மல்லன் விதுமன் என்பவன் அதைப் புதுப்பித்ததாகவும் கல்வெட்டு தெரிவிக்கிறது. கட்டியவனுக்குச் சமமாகப் பழுது பார்த்தவனும் பெயர் பெற்றிருக்கிறான். சித்தன்னவாசலின் இளங்கௌதமனும் அப்படிப்பட்டவனே.

பெயர்கள் சென்ற தொலைவு

சிவகங்கை மாவட்டத்தின் மறுகோடியில், மதுரைக்கு அருகே கீழடி உள்ளது. 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற ஆட்பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டிருந்தன. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில், முற்றமும் தாழ்வாரமும் தூணுமாகக் கட்டப்பட்டிருப்பது இப்பயணத்துக்குப் பொருத்தமான ஒரு செய்தி.

எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகம் உள்ளது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் இருந்தன. பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிக்கும் 'பானை ஒறி' என்ற சொற்கள் கொண்ட ஓடும் அங்கே கிடைத்தது. தெற்கே உள்ள பெரனிகே துறைமுகத்திலும் தமிழ்ப் பெயர் பொறித்த ஓடு கிடைத்துள்ளது. அத்துறைமுகத்தின் ஒரு கோயிலில், இந்தியத் தாழி ஒன்றில் 7.5 கிலோ மிளகு இருந்தது. குன்றக்குடிப் பாறையில் உள்ள சாத்தன் என்ற பெயரும், குசேரில் சாதன் என்று எழுதப்பட்ட பெயரும் ஒன்றே எனக் கருதப்படுகிறது. ஆள் ஒருவரல்லர்; பெயர் ஒன்று. உள்நாட்டுக் குகையிலும் கடல்கடந்த துறையிலும் அதே எழுத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது.

இழப்பும் காப்பும்

இந்தச் சின்னங்களுக்கு நேரும் ஆபத்துகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, பார்வையாளரின் கை. பெயர் கீறுவது, காதலர் பெயர் எழுதுவது, ஓவியத்தைத் தொட்டுப் பார்ப்பது ஆகியவை. அபு சிம்பல் சிலையின் காலிலும் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கூலிப்படையினர் தம் பெயரை வெட்டிவைத்துள்ளனர். அது இன்று வரலாற்றுச் சான்று. அப்படியானால் இன்று எழுதுவது மட்டும் ஏன் குற்றம் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அன்று எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு எழுத்தும் நமக்குச் செய்தி. இன்று நம்மைப் பற்றிய பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அழியும் தாமரைக் குளத்துக்கு இரண்டாவது படி கிடையாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க மத்திய அரசின் சட்டம் இடமளிக்கிறது.

இரண்டாவது, பக்தியால் நேரும் சேதம். வழிபாட்டிலுள்ள குடைவரைகளில் எண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரப் புகை, வெள்ளையடிப்பு, வண்ணப்பூச்சு ஆகியவை எழுத்தையும் செதுக்கலையும் மூடுகின்றன. கல்லைத் தூய்மை செய்ய மணலை அழுத்தத்துடன் வீசும் முறை பல கோயில்களில் கல்வெட்டுகளைத் தேய்த்தது. பின்னர் அம்முறைக்குத் தடை வந்தது. கோயில் வாழும் இடம். அருங்காட்சியகமாகப் பூட்டிவைக்க முடியாது. பூசையும் பாதுகாப்பும் இணைந்து செல்லும் வழியைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, மூச்சு. மூடிய அறையில் பலர் நின்றால் ஈரப்பதம் கூடி ஓவியச் சாந்து பாதிக்கப்படும். துத்தன்காமன் கல்லறைக்கு இதே சிக்கல் இருந்தது. அதன் துல்லியமான நகல் 2014இல் பள்ளத்தாக்கின் அருகே நிறுவப்பட்டது.

நான்காவது, குன்றே இல்லாமற்போவது. கருங்கல்லுக்கும் கனிமத்துக்கும் விலை உண்டு. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும், சமணர் படுக்கைகளும், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவன் குடைவரையும் உள்ளன. 2022இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது சுற்றுவட்டார ஊர்மக்கள் போராடினர். சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது. அபு சிம்பலை அணை நீரிலிருந்து காக்க, 1964 முதல் 1968 வரை அதைத் துண்டுகளாக அறுத்து உயரமான இடத்தில் மீண்டும் பொருத்தினார்கள். அதற்கு உலக நாடுகள் பலவும் பொருளுதவி செய்தன. சிறு ஊர்களின் குன்றுகளுக்கு அப்படிப்பட்ட வாய்ப்பு அமையாது. அவற்றைக் காக்க அந்தந்த ஊரார்தான் முன்வர வேண்டும், அரிட்டாபட்டியில் வந்தார்கள்.

பயணம் செய்வோருக்கு

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் ஆகிய மூன்றையும் ஒரு நாளில் பார்க்கலாம். கோயில்களில் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால், முதல் இரண்டையும் காலையில் முடித்துவிட்டு, நடுப்பகலில் திருமயம் கோட்டையையும், நடை திறந்தபின் அடிவாரக் குடைவரைகளையும் பார்ப்பது வசதி. சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் இரண்டாம் நாளுக்கு உரியவை. வெயிலில் பாறை சுடும். தண்ணீரும் நல்ல காலணியும் தேவை. கருவறைகளில் படம் எடுக்கக் கூடாது.

மாணவர்கள் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லலாம். ஒவ்வொரு குடைவரையிலும் ஐந்து செய்திகளை மட்டும் குறித்தால் போதும்: முகப்பு எந்தத் திசையை நோக்கியது, தூண்கள் எத்தனை, அவற்றின் வடிவம் என்ன, சுவரில் உள்ள உருவங்கள் எவை, கல்வெட்டு எங்கே உள்ளது. கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவிப் படிக்க முயலக் கூடாது. காலை, மாலைச் சாய்வெயிலில் அல்லது பக்கவாட்டில் பிடித்த கைவிளக்கின் ஒளியில் எழுத்துகள் தாமே தெளிவாகத் தெரியும். ஓவியங்களின்மேல் மட்டும் விளக்கொளி பாய்ச்சக் கூடாது. தம் ஊர்க் குன்றில் இதுவரை யாரும் கவனிக்காத எழுத்தோ படுக்கையோ கண்ணில் பட்டால், தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதித் தெரிவிக்க வேண்டும். தமிழகத்தின் கல்வெட்டுகளில் பல அவ்வாறு ஊர்க்காரர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் சொன்ன பிறகே நூல்களில் இடம்பெற்றவை.